முதுகுவலிக்கு இழப்பீடு: அம்மா விழுந்த தேதி எங்கே பதிவாகியிருக்கிறது?

வால்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு மகன் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 50 வயது. 22 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார், மாதம் சுமார் 12,000 ரூபாய் கூலி. 2024 ஆகஸ்டில் மழையில் மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்தவர், அதற்குப் பிறகு குனிந்து நிமிர முடியாமல் இருக்கிறார். ‘ரெண்டு லட்சம் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளுங்கள்’ என்கிறது நிர்வாகம். கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் அம்மா விழுந்தது ஒரே வரியில் வருகிறது. வழக்கு அந்த வரியில்தான் இருக்கிறது. வருடக்கணக்காகச் சுமந்து தேய்ந்த முதுகு, அம்மா விழுந்தபோது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய் என்றால், குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தால் வந்தது என்று காட்டியாக வேண்டும். சூப்பர்வைசர் திட்டியது, லீவு தராதது எல்லாம் வேதனைதான், ஆனால் மனுவில் வேண்டாம்.

இதில் பலர் சறுக்குவது ஆஸ்பத்திரியில். ‘எத்தனை நாளா வலி?’ என்று டாக்டர் கேட்பார். ‘அது பல வருஷமா இருக்குங்க’ என்பார்கள் நம் பெண்கள். அதுவே சீட்டில் ஏறிவிடும், விழுந்த விஷயம் ஏறாது. பிறகு ஸ்கேனில் தேய்மானம் என்று வந்தால், வயதுக் கோளாறு என்று எதிர்த்தரப்பு முடித்துவிடும். பழைய வலியை மறைக்கச் சொல்லவில்லை. முன்பு வலி இருந்தும் வேலை செய்தார், விழுந்த பிறகு முடியவில்லை என்ற உண்மை பதிவாக வேண்டும். அன்றைய மஸ்டர் (வருகைப் பதிவேடு), முதல் ஓ.பி. சீட்டு, பக்கத்து நிரையில் பறித்த இரண்டு பேர், இவைதான் உங்கள் சாட்சியம். விபத்து நடந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்கு, மனுவை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர் மன்னிப்புத் தரலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

சரி, அந்த ரெண்டு லட்சம். வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம் 22 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டுமே சுமார் 1,52,000 ரூபாய் வருகிறது. காயமே படாமல் நின்றிருந்தாலும் அது அம்மாவின் பணம். ஆக, முதுகுக்கு அவர்கள் வைக்கும் விலை 48,000. டாக்டர் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சான்று தந்தால், கூலியில் 60 சதவீதத்தை 50 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கெண்ணான 153.09-ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம். சுமார் 2,20,000 வரும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ‘முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்’ என்று கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

அதற்காக வழக்கை இழுக்கச் சொல்லமாட்டேன். உங்கள் ஓ.பி. சீட்டில் ‘நாள்பட்ட இடுப்பு வலி’ என்றுதான் இருக்கிறது. 20 சதவீதம் 10 ஆகக் குறையலாம். ஜெயித்தாலும் அவர்கள் உயர்நீதிமன்றம் போகலாம். பணிக்கொடையைத் தனியாக வைத்து, காயத்துக்கு மட்டும் ஒன்றரை லட்சம் வந்தால் சமாதானமாகப் போங்கள். 

ஆனால் பணம் கையில் வரக்கூடாது. பெண் தொழிலாளிக்கான மொத்தத் தொகையை ஆணையரிடம் கட்டினால்தான் சட்டப்படி அது இழப்பீடு. ஒப்பந்தத்தையும் அவரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று பட்டால் அவர் மறுக்கலாம், அது உங்களுக்கு நல்லதுதான்.

அப்புறம், ராஜினாமாவை அதே தாளில் எழுதவே கூடாது. நீங்கள் குடியிருப்பது எஸ்டேட் வீடு. அம்மா பெயர் மஸ்டரை விட்டுப் போனால் அடுத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். முதலில் இலகு வேலை கேட்டு எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.