"நல்லதையே நினை" என்பது இந்த நோய்க்கு மருந்தாகுமா?

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து 7 மாதம் ஆகிறது. காய் நறுக்க அரிவாள்மனையை எடுத்தாலே, குழந்தையை வெட்டிவிடுவேனோ என்ற எண்ணம் வந்து நடுங்குகிறேன். உடனே முருகன் பெயரை 21 முறை சொல்வேன். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவேன். "நான் அப்படிச் செய்துவிட மாட்டேனே?" என்று கணவரிடம் ஓயாமல் கேட்கிறேன். மனநல மருத்துவர் இதை எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி என்று சொல்லி மாத்திரை தந்திருக்கிறார். நல்லதையே நினைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். மாத்திரையோடு வேறு சிகிச்சையும் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் அன்பினால்தான் சொல்கிறார்; ஆனால் இந்த நோயில் அந்த அறிவுரை பலிப்பதில்லை. கெட்ட எண்ணத்தை விரட்ட முயலும்போது, அது மறுபடி வந்துவிட்டதா என்று மனம் தன்னையே வேவு பார்க்கத் தொடங்குகிறது. அந்தத் தேடலே அதை அழைத்து வந்துவிடுகிறது.

லண்டனில் உளவியலாளர்களான ஸ்டான்லி ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோய் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவதைக் காட்டியது. அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்கிறார்கள். நீங்களோ, "நினைத்தேன் என்றால் செய்துவிடக் கூடியவள்" என்று உங்களுக்கே தீர்ப்பு எழுதிக்கொள்கிறீர்கள். குழந்தையின் மீதுள்ள அளவற்ற அக்கறைதான் அந்த எண்ணத்தை உங்களுக்கு இவ்வளவு கொடியதாக்குகிறது.

நீங்கள் கேட்ட வேறு சிகிச்சை உண்டு: உளவியலாளரோடு பேசியும் பழகியும் பெறும் சிந்தனை - நடத்தை சிகிச்சை. அது இந்தத் தீர்ப்பைத்தான் விசாரிக்கிறது. அதில் ஓசிடிக்கு மிகவும் பயன் தருவது, அஞ்சுவதை எதிர்கொண்டு, அச்சத்தைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகும் முறை. 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் லண்டன் மருத்துவமனையொன்றில் இரண்டு நோயாளிகளுக்கு இதைச் செய்து காட்டினார். உங்கள் விஷயத்தில், உளவியலாளர் உங்களோடு அமர்ந்து அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக ஏணிபோல் வரிசைப்படுத்துவார். குழந்தை அடுத்த அறையில் உறங்கும்போது அரிவாள்மனையை எடுத்து வைப்பது முதல் படியாகலாம். குழந்தை தொட்டிலில் இருக்க, அதே அறையில் காய் நறுக்குவது பிந்தைய படி. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும். எண்ணிச் சொல்லாமலும், கணவரைக் கேட்காமலும் பொறுத்திருந்தால், அஞ்சியது நடக்கவில்லை என்பதையும், அந்தப் பதற்றம் தாங்கக் கூடியதே என்பதையும் மனம் அனுபவத்தில் கற்றுக்கொள்ளும்.

முருகனைக் கும்பிடுவதை விடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பக்தியோடு விளக்கேற்றிக் கும்பிடுவது வேறு, அச்சம் துரத்த 21 முறை எண்ணுவது வேறு. விட வேண்டியது பின்னதை மட்டுமே. கணவரின் ஆறுதலும் அப்படித்தான்: "செய்யமாட்டாய்" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் நிம்மதி கிடைத்து, அடுத்த கேள்விக்கு அதுவே வழி திறக்கிறது. எனவே அவரையும் ஒரு அமர்வுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் எப்போதாவது சரியென்று தோன்றினாலோ, பிறருக்குக் கேட்காத ஏதேனும் குரல் கேட்டாலோ, அது வேறு நோய். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த முறையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் யார் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.