பார்த்ததையே பார்த்தால் மூளை என்ன செய்யும்? கேள்வி பதில்

கேள்வி: சார், அருவியையே உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால் பாறை மேலே ஏறுகிற மாதிரி இருக்கிறதே, கண் களைத்துப்போவதாலா?

பதில்: ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கவனித்து ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-லேயே எழுதிவிட்டார். கீழ்நோக்கிய அசைவுக்கு மின்துடிப்பு அனுப்பும் நியூரான்கள், அதாவது மூளையின் நரம்புச் செல்கள், அடங்கிவிடுகின்றன, மேல்நோக்கியவை அப்படியே இருக்கின்றன, அதனால் பாறை ஏறுகிறது. கண்மேல் மட்டும் பழி போட முடியாது. ஒரு கண்ணால் அருவியைப் பார்த்துவிட்டு அதை மூடி, மற்ற கண்ணால் பாறையைப் பாருங்கள், கொஞ்சம் குறைவாக என்றாலும் தெரியும். இரண்டு கண்களின் தகவலும் ஒரே நியூரானில் சேர்வது மூளையின் மேலுறையான கார்டெக்ஸில்தான்.

கேள்வி: போனில் ஸ்க்ரோல் செய்தாலும் வருமா?

பதில்: வரும்.

கேள்வி: கார்டெக்ஸில் ஆறு அடுக்காமே, எல்லாமே ஒரே மாதிரி அடங்குமா?

பதில்: அடங்காது. கண்ணின் தகவலைக் கார்டெக்ஸுக்குக் கடத்தும் தாலமஸ் என்ற பகுதியிலிருந்து வரும் தகவல் முக்கியமாக 4-ஆம் அடுக்கில் இறங்குகிறது, அங்கிருந்து 2, 3-க்குப் போய் மற்ற பார்வைப் பகுதிகளுக்குக் கிளம்புகிறது, 6-ஆம் அடுக்கு திரும்பத் தாலமஸுக்கே பேசுகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கின் அடக்கத்தையும் வாங்கிக்கொண்டு தன் பங்கையும் சேர்க்கிறது. ஆகவே மேலடுக்கில் துடிப்பு குறைந்ததை மட்டும் அளந்துவிட்டு காரணமும் அங்கேதான் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: நியூரானுக்குள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: 1997-இல் கராண்டினி, ஃபெர்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனையின் பார்வைக் கார்டெக்ஸில் நியூரானுக்கு உள்ளேயே மின்முனையை வைத்து, அழுத்தமான கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உள் மின்னழுத்தம் இன்னும் எதிர்மறைப் பக்கம் இறங்கியது, துடிப்பு கிளம்ப வேண்டிய எல்லை தள்ளிப்போயிற்று. தொடர்ந்து துடிக்கும்போது உள்ளே சேரும் சோடியமானது பொட்டாசியம் வெளியேறும் வழிகளைத் திறந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். ஆக, இதைக் களைப்பு என்று சொல்வது சரியில்லை.

கேள்வி: அப்போ திரும்பத் திரும்பக் காட்டினால் எப்போதும் குறையும், சரிதானே?

பதில்: இல்லையே! அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மார்க் பேர் என்ற ஆய்வாளரின் குழுவினர் விழித்திருக்கும் சுண்டெலிக்கு ஒரே சாய்வுள்ள கோடுகளை நாள்தோறும் காட்டினார்கள். 4-ஆம் அடுக்கில் பதிவான மின் அலை நாளுக்கு நாள் பெரிதானது. நொடிக்கணக்கில் குறைவது, நாள்கணக்கில் கூடுகிறது, அதுவும் பழகிய சாய்வுக்கு மட்டும். கோட்டைத் திருப்பிக் காட்டினால் மறுபடி பழைய அளவுதான்.