அதிகம் பேசப்படாத படங்கள்: கேள்வி பதில்

பலர் பார்த்திராத, ஆனால் அவசியம் பார்க்க வேண்டிய படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்தப் படத்தின் முடிவையும் சொல்லமாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

கேள்வி: அண்ணா, த்ரில்லர் என்றால் எனக்கு உயிர். பிரபலமானவை எல்லாம் பார்த்தாயிற்று. துப்பாக்கி, துரத்தல் இல்லாமல் பதற வைக்கிற படம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. 'எ மேன் எஸ்கேப்ட்' (1956). ராபர்ட் ப்ரெஸ்ஸோன் இயக்கிய பிரெஞ்சுப் படம். இரண்டாம் உலகப் போர்க் காலம், லியோன் நகரத்தில் ஜெர்மானியர் கையில் இருக்கும் சிறை. அங்கே அடைபட்ட ஒருவன் தப்பிக்கப் பார்க்கிறான். தப்பித்துவிடுவான் என்பதைப் படத்தின் பெயரே சொல்லிவிடுகிறது. இருந்தும் பதற்றம் குறையாது.

காரணம் ஒரு ஸ்பூன். அதன் காம்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து உளியாக்குகிறான். அறைக் கதவின் பலகைகள் ஓக் மரம், அசையாது. ஆனால் பலகைகளை இணைக்கிற மரம் கொஞ்சம் மென்மையானது. அதைச் சுரண்ட ஆரம்பிக்கிறான். சுரண்டினால் சத்தம் வரும். உதிர்கிற மரத்தூளை மறைக்க வேண்டும். காவலாளி படிக்கட்டுக் கம்பியில் சாவியை உரசிக்கொண்டே நடப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் கை நிற்கும், நம் மூச்சும் நிற்கும். நாயகனாக நடித்தவர் அதற்குமுன் சினிமாவில் நடிக்காத ஒரு மாணவர். முகபாவம் எதுவும் காட்டாமல் வேலையை மட்டும் செய்கிறார். அதனாலேயே அவரை நம்புகிறோம்.

இது பிடித்தால் அடுத்து 'லெ த்ரூ' (1960), ழாக் பெக்கரின் கடைசிப் படம். அதுவும் சிறைதான். கட்டில் இரும்பை எடுத்து சிமென்ட் தரையை உடைக்கிற காட்சி கிட்டத்தட்ட நான்கு நிமிடம், வெட்டே இல்லாமல் ஓடும். ஒருவர் களைத்ததும் இன்னொருவர் வாங்கி இடிப்பார். நடித்தவர்களில் ஒருவர், 1947-இல் நிஜமாகவே அந்தத் தப்பிப்பு முயற்சியில் இருந்தவர். அவர் கைகளைக் கவனியுங்கள், அது நடிப்பில்லை.

என் ரசனையின் சாய்வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கும் உதவும். ஒரு வேலையை அவசரப்படாமல் முழுசாகக் காட்டுகிற படம் என்னை ஏமாற்றியதே இல்லை.

கேள்வி: உலக சினிமா என்று யாராவது சொல்லிப் போட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. குறை என்னிடமா, படத்திலா?

இரண்டிலும் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கதை அடுத்து எங்கே போகும் என்று காத்திருந்தால் இந்தப் படங்கள் நகராதவையாகத் தெரியும். முன்னால் பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் கண் மூடாது.

'தி நேக்கட் ஐலண்ட்' (1960) பாருங்கள். கனெட்டோ ஷிண்டோ எடுத்த ஜப்பானியப் படம். வசனம் என்று ஏறக்குறைய எதுவுமே கிடையாது. தண்ணீரே இல்லாத ஒரு சின்னத் தீவில் கணவன், மனைவி, இரண்டு பையன்கள். பக்கத்துத் தீவுக்குப் படகில் போய்த் தண்ணீர் மொண்டு, தோளில் காவடி போலச் சுமந்து, செங்குத்தான மேட்டில் ஏறி, செடிக்குச் செடி ஊற்றுகிறார்கள். காய்ந்த மண் அதைச் சட்டென்று உறிஞ்சிவிடுகிறது. மறுபடி படகு, மறுபடி மேடு.

பத்தாவது நிமிடத்தில் சலிப்பு வரலாம். வரட்டும். கொஞ்ச நேரத்தில் உங்களை அறியாமலே அந்தப் பெண்ணின் கால் எங்கே படுகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரு முறை கால் இடறி வாளி கவிழும். அப்போது உங்களுக்கு நெஞ்சு துணுக்குறும். ஒரு வாளி தண்ணீர் என்றால் என்ன என்பதை அதற்குள் உங்கள் தோளே கற்றிருக்கும். பிற்பகுதியில் இன்னொரு முறை வாளி கவிழும். அது ஏன் என்பதை நீங்களே பாருங்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை நடையும். 1961-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் பெரிய பரிசு வாங்கிய படம் இது.

நானும் ப்ரெஸ்ஸோனை முதல் தடவை பாதியில் நிறுத்தினவன்தான். இரண்டு வருடம் கழித்துத்தான் முழுசாகப் பார்த்தேன். ஆகவே கவலைப்படாதீர்கள்.

கேள்வி: சின்னச் செலவில் எடுத்த நல்ல அறிவியல் புனைவு?

'கோஹெரன்ஸ்' (2013). வால்நட்சத்திரம் கடந்து போகும் இரவில் எட்டு நண்பர்கள் விருந்துக்குக் கூடுகிறார்கள், அவ்வளவுதான் கதையாகச் சொல்ல முடியும். இயக்குநரின் சொந்த வீட்டில் ஐந்தே இரவுகளில் எடுத்தது. ஒவ்வொரு நடிகருக்கும் அன்றைக்குத் தேவையான குறிப்பு மட்டும் கொடுப்பார்களாம். மற்றவர் குறிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் அந்த முகங்களில் தெரியும் குழப்பம் நிஜக் குழப்பம்.

'தி மேன் ஃப்ரம் எர்த்' (2007) படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கு 14,000 வயது என்று ஒரு பேராசிரியர் நண்பர்களிடம் சொல்கிறார், ஏறக்குறைய முழுப் படமும் அந்த வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. படமாக்கிய விதம் சுமார்தான், எழுத்துக்காகப் பாருங்கள்.

கேள்வி: எட்டு, பத்து வயதுக் குழந்தைகளோடு பார்க்க, கார்ட்டூன் அல்லாத படம்?

'தி ஸ்டோரி ஆஃப் தி வீப்பிங் கேமல்' (2003). மங்கோலியாவின் கோபி பாலைவனம். ஒரு பெண் ஒட்டகம் மிகவும் சிரமப்பட்டு வெள்ளைக் குட்டியை ஈனுகிறது. அந்த வலியோ என்னவோ, குட்டியை அண்டவிடாமல் உதைத்துத் தள்ளுகிறது. குட்டியின் கத்தல் மனசைப் பிசையும். வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒட்டகமேறி ஓர் இசைக்கலைஞரைத் தேடிப் போகிறார்கள். ஏன் இசைக்கலைஞர்? குழந்தைகள் கேட்பார்கள், பதில் சொல்லாதீர்கள். அவர் வந்து தன் நரம்பு வாத்தியத்தை முதலில் ஒட்டகத்தின் திமிலில் மாட்டிவிடுவார். காற்றுப் பட்டு அது தானாக முனகும். அப்புறம் நடப்பது படத்தில்.

அப்பாஸ் கியரோஸ்தமியின் ஈரானியப் படம், 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987) இன்னொன்று. நண்பனின் நோட்டுப் புத்தகம் தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டது, நாளை அது இல்லாவிட்டால் நண்பனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். வீடு தெரியாத ஊரில் அந்தப் பையன் ஓடுகிற ஓட்டம் முழுப்படம். பெரியவர்கள் யாருமே அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. குழந்தைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

கேள்வி: தமிழில் ஒன்று சொல்லுங்கள் சார். பெயர் கேட்டிருந்தாலும் நாங்கள் பார்த்திராத ஒன்று.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பெயர் தெரிந்தவர்கள் ஏராளம், உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டத் தொடங்குகிறாள். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த வேடம். பாட்டு கிடையாது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசையைத்தான் பின்னணியில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதிலும் ஒரு வேலை படிப்படியாக நடக்கிறது பாருங்கள். அஸ்திவாரம், செங்கல், சிமென்ட், ஏமாற்று. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வருகிற காட்சியில் சுவரைத் தடவிப் பார்ப்பார். பூசாத சுவர், அதில் அந்த வயதான விரல்கள். அழுகை, வசனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவரையே நாயகனாக வைத்து அடுத்த வருடம் 'சந்தியா ராகம்' எடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

'ப்ளாக் கேர்ள்' (1966) சரியாக அந்த அளவுதான். செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் எடுத்தது. டாக்கரிலிருந்து பிரான்ஸுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண். முதலாளி வீட்டுக்கு அவள் அன்போடு கொடுத்த முகமூடி ஒன்று, வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்கும். அந்த முகமூடி யார் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள்.

கேள்வி: பேய்ப்படம்?

'தி இன்னசென்ட்ஸ்' (1961). பட்டப்பகலில், ஏரிக்கு அந்தப்பக்கம் நாணலுக்கு நடுவே ஓர் உருவம் சும்மா நிற்கும். எனக்கு அதைவிடப் பயங்கரமான பேய் தெரியாது.

கேள்வி: இந்த மாதிரிப் படங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? மதிப்பெண் பார்த்தா?

மதிப்பெண் பார்ப்பதில்லை. பத்துப் பேருக்குப் பிடித்ததன் சராசரி எனக்குப் பிடித்ததைச் சொல்லாது. பிடித்த படத்திலிருந்து பின்னோக்கிப் போவேன். 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பிடித்திருந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்தது எது என்று தேடியபோது, லியோ மெக்கேரியின் 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937) கிடைத்தது. வீட்டை இழந்த வயதான தம்பதி, இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கும் மனமில்லை. ஒரு காட்சியில் இருவரும் நடன அரங்கில் தயங்கி நிற்பார்கள், இசை வேகமாகிவிட்டது, அவர்களுக்கு ஆடத் தெரியாது. இசைக்குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பழைய வால்ட்ஸ் நடன இசைக்கு மாற்றுவார். முன்பின் தெரியாத ஒருவர் காட்டுகிற மரியாதை. அப்போதுதான் அவர்களுடைய பிள்ளைகள் மீது நமக்குக் கோபம் வரும்.

இன்னொரு வழி, பழைய படங்களைச் செப்பனிட்டு வெளியிடுகிறவர்களின் பட்டியல். மார்ட்டின் ஸ்கார்செஸி 2007-இல் தொடங்கிய உலக சினிமாத் திட்டம் ஒன்று போதும், வருடக்கணக்கில் பார்க்கலாம். அரவிந்தனின் மலையாளப் படம் 'கும்மாட்டி' (1979) அப்படித்தான் மறுபடி பளிச்சென்று வந்தது. அப்புறம், டப்பிங்கில் பார்க்காதீர்கள். குரலும் நடிப்புதான்.

கேள்வி: இத்தனையும் வேண்டாம். இன்று இரவு பார்க்க ஒன்றே ஒன்று?

ஹிரோகாசு கொரீடாவின் 'ஆஃப்டர் லைஃப்' (1998). இறந்தவர்கள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்கு வருகிறார்கள். அங்கே ஒரு வாரம் இருப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்ற எல்லாம் மறந்துவிடும். இதற்காக இயக்குநர் சுமார் 500 பேரிடம் அவர்களுடைய நினைவைக் கேட்டிருக்கிறார். அவர்களில் சிலர் படத்திலேயே தங்கள் நிஜ நினைவைச் சொல்கிறார்கள். சிறுவயதில் சிவப்பு உடையில் ஆடியதை ஒரு பாட்டி சொல்லும்போது அவர் கைகள் தானாக அசையும்.

தேர்ந்தெடுத்த நினைவை அங்கிருக்கும் ஊழியர்கள் சினிமாவாக எடுத்துக் கொடுப்பார்கள். ஒருவர் கேட்டது, மேகங்களுக்கு நடுவே சிறு விமானம் ஓட்டிய ஒரு நாள். பணம் இல்லை, வசதி இல்லை. பஞ்சைப் பிய்த்து, கம்பியில் கோத்து, அசையாத விமானத்தைத் தாண்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்க்கிற அந்த மனிதரின் முகத்துக்காகப் பாருங்கள்.