அசெம்ப்ளியில் செபம்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் வசிக்கிறோம். மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சர்ச் நடத்தும் பள்ளி அல்ல, உள்ளூர் கவுன்சில் நடத்தும் பள்ளிதான். ஆனாலும் அசெம்ப்ளியில், அதாவது பள்ளிக் கூட்டத்தில், கண்ணை மூடிச் செபம் சொல்ல வைக்கிறார்கள். இப்போது வீட்டிலும் சாப்பிட முதல் ‘ஆமென்’ என்கிறாள். மாமிக்கு மனவருத்தம். அசெம்ப்ளி, சமய பாடம் இரண்டிலிருந்தும் விலக்கக் கடிதம் கொடுப்போம் என்கிறார் கணவர். பிள்ளையைத் தனியே இருத்திவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

ச., லண்டன்

அன்புள்ள ச.,

இரண்டையும் ஒரே கடிதத்தில் போடாதீர்கள். அசெம்ப்ளியில் நடப்பது வழிபாடு, வகுப்பில் நடப்பது படிப்பு. சட்டமும் அவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. பாடத்திலிருந்து மகளை விலக்கவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிச் சமயம் என்றால் அவரவர் சமயம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம். புத்தகமும் வேறு, பரீட்சையும் வேறு. அப்படிப் படித்து வந்தவர்களுக்கு இங்கிலாந்தின் சமய பாடம் தங்கள் பிள்ளைக்கு இன்னொரு சமயத்தைப் புகட்டும் வேலையாகத்தான் தெரியும். உங்கள் கணவரின் கோபம் அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே கவுன்சில் பள்ளிகளுக்கான பாடத்திட்டம் அந்தந்தப் பகுதியில் வகுக்கப்படுகிறது. கிறிஸ்தவத்துக்குக் கூடுதல் இடம் இருந்தாலும் நாட்டின் மற்ற முக்கிய சமயங்களையும் அது கணக்கில் எடுக்க வேண்டும் என்பது 1988 முதல் சட்டம். ஆசிரியர் தீபாவளியைப் பற்றிப் பேசும் நாளில், அதைக் கொண்டாடும் உங்கள் மகள் வெளியே இருப்பதா?

வழிபாட்டின் கதை வேறு. 1944 கல்விச் சட்டம் பள்ளிகளில் தினசரி வழிபாட்டைக் கட்டாயமாக்கியது. அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையுடன் இருக்க வேண்டும் என்பது 1988இல் சேர்ந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி ஆறு வயதுப் பிள்ளையைச் செபிக்க வைப்பது தவறு. அங்கே பாடுவது தேவாரமாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு, காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் அந்த உரிமையைச் சுமப்பது பிள்ளை. உங்கள் பயம் வீண்பயம் அல்ல. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டின் ஓர் ஆரம்பப் பள்ளியில் படித்த சிறுமியும் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லத் தொடங்கினாள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அங்குள்ள சமய பாடத்திட்டம் நான்கு திருச்சபைகள் சேர்ந்து எழுதியது. 2025 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தப் பாடமும் வழிபாடும் பெற்றோரின் உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. வேண்டுமானால் விலக்கிக்கொள்ளலாமே என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. விலக்கினால் பிள்ளை தனித்துத் தெரிவாள் என்று பெற்றோர் அஞ்சியதை நீதிமன்றம் நியாயமாகவே எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வட அயர்லாந்தைப் பற்றியதுதான். ஆனாலும் தலைமையாசிரியரிடம் பேசும்போது அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கடிதத்துக்கு முன் அந்தப் பேச்சுத்தான் நடக்க வேண்டும். அசெம்ப்ளியில் கதை, பாட்டு, பரிசு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் இருக்கும். செபம் கடைசியில் ஒரு நிமிடமாக இருக்கலாம். சட்டப்படி முழுவதுமாக மட்டுமல்ல, பகுதியாகவும் விலகலாம். செபம் சொல்லும்போது மகள் அங்கேயே சும்மா இருக்கட்டும், கண்ணை மூடவோ ‘ஆமென்’ சொல்லவோ அவளை வற்புறுத்தக் கூடாது என்று கேளுங்கள். விரும்பியவர்கள் மட்டும் சொல்லுங்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்குமே ஆசிரியர் சொல்லிவிட்டால் உங்கள் மகள் தனித்துத் தெரியமாட்டாள். பல பள்ளிகள் இப்போதே அப்படித்தான் செய்கின்றன.

‘ஆமென்’ சொன்னதற்காக மகளைக் கண்டிக்க வேண்டாம் என்று மாமியிடம் சொல்லுங்கள். தோழிகள் சொல்வதை அவளும் சொல்கிறாள், அவ்வளவுதான். மாமி தனக்குப் பிடித்த தேவாரத்தைச் சொல்லிக்கொடுத்தால் அதையும் சொல்வாள்.

வேறு சமயக் குடும்பங்கள் நிறைய உள்ள பள்ளி என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. கிறிஸ்தவத் தன்மை வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்டு, கவுன்சிலின் சமயக் கல்வி ஆலோசனைக் குழுவிடம் தலைமையாசிரியர் விண்ணப்பிக்கலாம். தினசரி வழிபாடு அப்போதும் தொடரும், அது கிறிஸ்தவ வழிபாடாக இருக்க வேண்டியதில்லை. இதை நீங்கள் தனியாகக் கேட்பதைவிட, வகுப்பிலுள்ள நாலைந்து பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். தலைமையாசிரியர் அசையவில்லை என்றால் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள்.