அறுந்து நிற்கும் அலங்கார எழுத்து

கேள்வி: கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைக் கையெழுத்துப் பாணி ஆங்கில எழுத்துருவில் போட்டால், எழுத்துகள் ஒட்டாமல் நிற்கின்றன. தமிழ்ப் பெயரில் கொம்பும் இடம் மாறுகிறது. ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: டிராக்கிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) அளவைப் பூஜ்யமாக்குங்கள்; கொஞ்சம் கூட்டினாலே இணைப்புக்கோடு அறுந்துவிடும். பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் அடிக்கவே கூடாது. சுழிகள் ஒன்றோடொன்று மோதி, மணமகள் யாரென்றே தெரியாது! முதலெழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

தமிழுக்கு யூனிகோட் எழுத்துருவே வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகையின் (Paragraph panel) மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுத்தால், ‘கொ’வின் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

தங்கத்தாள் அச்சில் மெல்லிய கோடுகள் விட்டுப்போகும். சற்றுத் தடித்த வடிவமே நல்லது. அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை அவுட்லைனாக்குங்கள்; அதாவது, எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக மாற்றுங்கள். திருத்தத்துக்குப் பழைய கோப்பும் கையில் இருக்கட்டும்.