கோலாவும் மாடும் கட்டிய தெருக்கள்

கேள்வி: எங்கள் முந்திரி ஆலைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வருகிறது. கொள்முதலுக்காகக் கானா போய்வந்த என் மைத்துனர், குமாசி நகரில் 'சோங்கோ' என்ற வெளியூர்க்காரர் பகுதியைப் பார்த்தாராம். வெறும் குடிசைப் பகுதி என்கிறார். அவர்கள் ஏன் ஒதுங்கி வாழ்கிறார்கள்?
- ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: அங்கே நெரிசல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'வெறும் குடிசைப் பகுதி' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தெருக்களைக் கட்டியது வியாபாரம்.

தெற்கே மழைக்காட்டில், மென்றால் களைப்பைப் போக்கும் கோலாக் கொட்டை விளையும். வடக்கத்தி மாடு அங்கே பிழைக்காது, செட்சி ஈ கடித்து நோயில் விழும். வடக்கே புல்வெளியில் மாடு ஏராளம், கோலா இல்லை. மது தொடாத முஸ்லிம் வீடுகளில் விருந்தாளிக்கு நீட்டுவது கோலாதான். இரண்டையும் கைமாற்றியவர்களில், வடக்கு நைஜீரியப் பக்கத்து முஸ்லிம் இனத்தாரான ஹவுசா வியாபாரிகள் முக்கியமானவர்கள்.

நைஜீரியாவின் இபாதான் நகரில் அவர்களுக்கென 1916-இல் உருவான 'சாபோ' குடியிருப்பைப் பாருங்கள். மாடு கொண்டுவருபவர் 'மைகிடா' எனப்படும் வீட்டுக்காரரிடம் தங்குவார். உள்ளூர்க் கசாப்புக்காரர்கள் கடனுக்குத்தான் மாடு பிடிப்பார்கள். அவர்கள் கைவிரித்தால் மைகிடாவே பணத்தைக் கொடுத்தாக வேண்டும். உங்கள் ஊர்க் கமிஷன் மண்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரே தங்க இடமும் தந்து, வராத கடனுக்கும் பொறுப்பேற்றால் எப்படியோ, அப்படி. பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். யார் நாணயமானவர் என்பது ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே மசூதியில் தொழுதால்தானே தெரியும்? சேர்ந்து வாழ்ந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

அரசு ஒதுக்கிவைத்த கதையும் உண்டு. வடக்கு நைஜீரியாவின் கானோ நகருக்கு 1912-இல் ரயில் வந்தபின், தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக்களையும் தொழிலாளர்களையும் பிரிட்டிஷ் நிர்வாகம் கோட்டை மதிலுக்கு வெளியே 'சாபோன் காரி'யில் குடியமர்த்தியது. குமாசியில் நடந்தது வேறு. குமாசியைத் தலைநகராகக் கொண்ட அசாந்தே அரசு, வடக்கத்தி வியாபாரிகளைப் பெரும்பாலும் வடக்கே இருந்த சலகா சந்தையோடு நிறுத்திவைத்திருந்தது. 1896-இல் பிரிட்டிஷார் நகரைப் பிடித்த பிறகே சோங்கோ பெருகியது.

என்னை இன்றும் வருத்துவது 1969. அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று கானா பிரதமர் புசியாவின் அரசு, அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டார் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்றது. கானா மண்ணிலேயே பிறந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். வாங்கியவர்கள் திருப்பித் தராத கடன்கள் அப்படியே நின்றுபோயின. சோங்கோக்களின் மேம்பாட்டைக் கவனிக்கத் தனி அமைச்சகம் 2017-இல்தான் வந்தது. மிகவும் தாமதம் என்பேன்.