தடா, பொடா விவாதங்களில் வாதப் பிழைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், "பொடாவை (பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை) 2004இல் ரத்து செய்தார்கள், 2008இல் மும்பையைத் தாக்கினார்கள்" என்று எங்கள் மாமா அடித்துச் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். முன்னால் நடந்தது என்பதாலேயே ஒன்று காரணமாகிவிடாது. மாமாவிடம் தேதிகளைக் காட்டுங்கள். பொடா 2001 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் அதே ஆண்டு டிசம்பர் 13, அதாவது சட்டம் அமலில் இருந்தபோது. 2002 செப்டம்பரில் அக்‌ஷர்தாம் கோயில் தாக்கப்பட்டபோதும் பொடா இருந்தது. மும்பைக்கு வந்த 10 பேரும் சாகத் துணிந்து கடல் வழியே வந்தவர்கள். இந்தச் சட்டத்தில் எளிதில் ஜாமீன் கிடைக்காது என்ற பயம் அவர்களைத் தடுத்திருக்குமா? அதை மாமாதான் விளக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பொடா உதவாத சட்டம் என்று முடிவு செய்துவிடலாமா?

பதில்: கூடாது. அதே பிழையை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்வதாகிவிடும். தடுக்கப்பட்ட தாக்குதல்கள் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. அதனால் நான் வேறு கணக்கைப் பார்ப்பேன்: எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் மீது குற்றம் நிரூபணமானது, அதைச் சாதாரணச் சட்டத்தில் செய்திருக்க முடியாதா?

பொடாவுக்கு முன்பிருந்த அதே வகைச் சட்டமான தடா 1985 முதல் 1995 வரை இருந்தது. 75,000 பேருக்கு மேல் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. சாட்சிகள் பயந்து பின்வாங்கினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. பஞ்சாபுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் பெரிய தீவிரவாத இயக்கம் ஏதும் இல்லாத குஜராத்திலும் ஆயிரக்கணக்கானோரைத் தடாவில் பிடித்தார்களே, அதற்கு என்ன விளக்கம்?

கேள்வி: வைகோவின் கட்சி பொடா கொண்டுவந்த கூட்டணியில் இருந்தது. அதே சட்டத்தில் உள்ளே போனபின் அதைக் குறை சொல்ல அவருக்கு என்ன தகுதி?

பதில்: வாதத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறீர்கள். அவருடைய பழைய நிலைப்பாட்டைத் தாராளமாக விமர்சியுங்கள். திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியது பயங்கரவாதக் குற்றமா என்பது தனிக் கேள்வி. 2002 ஜூலையில் கைதானவர் 2004 பிப்ரவரியில்தான் ஜாமீனில் வந்தார். இதற்கிடையே 2003 டிசம்பரில், பயங்கரவாதத்தை ஊக்குவிக்கும் நோக்கம் இல்லாத வெறும் பேச்சளவு ஆதரவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு அவர் யார் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதைப் பொறுத்தது அல்ல.

கேள்வி: "தப்பு செய்யாதவனைப் போலீஸ் ஏன் பிடிக்கப்போகிறது?" இது பிழையா, அனுபவ அறிவா?

பதில்: பிழைதான், அதுவும் உயிர் போகிற பிழை. நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இந்த வழக்குக்குத் தடாவே பொருந்தாது என்றும் சொன்னது. அக்‌ஷர்தாம் வழக்கில் பொடாவில் தண்டிக்கப்பட்ட 6 பேரையும் 2014இல் விடுதலை செய்தது. அவர்களில் 3 பேர் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர்கள்.

கேள்வி: "நீ நாட்டுப் பக்கமா, தீவிரவாதி பக்கமா?"

பதில்: இரண்டு வழிதான் உண்டு என்று யார் சொன்னது? தீவிரவாதத்தை ஒடுக்க வேண்டும், அதை இந்தச் சட்டத்தால் செய்ய வேண்டாம் என்பதும் ஒரு நிலைதான்.

கேள்வி: அண்ணா, கோவை குண்டுவெடிப்பில் சொந்தக்காரரை இழந்த ஒருவர் எங்கள் குழுவில் பேசினார். யாருக்கும் வாய் வரவில்லை. அதையும் உணர்ச்சிவயப்பட்ட வாதம் என்று தள்ளுவதா?

பதில்: தயவுசெய்து தள்ளாதீர்கள். அவர் இழப்பைச் சொல்வதில் பிழையே இல்லை. குண்டு என்ன செய்யும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி இல்லை. ஆனால் எந்தச் சட்டம் வேலை செய்யும் என்பதை அந்த இழப்பிலிருந்து பெற முடியாது; அவர் வலியைக் காட்டிச் சட்டத்தை விற்பவர்களிடம்தான் பிழை இருக்கிறது.

அவர் பேசி முடித்தபின், பொறுமையாக இதைச் சொல்லிப் பாருங்கள். 1998 பிப்ரவரி 14 அன்று தடாவும் இல்லை, பொடாவும் இல்லை. 58 பேர் இறந்த அந்த வழக்கு சாதாரணக் குற்றவியல் சட்டங்களில்தான் நடந்தது. 2007இல் 150 பேருக்கு மேல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதே வழக்கில் கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி விடுதலையானார், 9 ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தபின். சாதாரணச் சட்டமே போதும் என்று நான் வாதாடும்போதெல்லாம், இந்த 9 ஆண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.